எருக்கம்பாலும் வரிப்புழுவும்

சாலையோரத்தில் வளரும் எருக்கஞ்செடியை நீங்கள் அறிவீர்கள். சுற்றிலுமுள்ள புல்லை மேய்கின்ற மாடுகள் பெரும்பாலும் அதை மட்டும் விட்டுவிடுகின்றன. இலையைக் கிள்ளினால் வழியும் நச்சுப் பாலே அதற்குக் காரணம். ஆயினும் அதே இலையை மஞ்சள், கறுப்பு, வெள்ளை வரிகள் கொண்ட ஒரு புழு ஆசையோடு தின்பதைக் காணலாம். வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழு அது. மாட்டுக்கு ஆகாதது இச்சிறு புழுவுக்கு எவ்வாறு உணவாயிற்று?

எருக்கம்பாலில் இதயக் கிளைக்கோசைடுகள் என்னும் நச்சுப் பொருள்கள் உள்ளன. விலங்குகளின் உயிரணுக்களில் சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளே சேர்க்கும் புரதம் ஒன்று உண்டு. இதைச் சோடியம் பம்பு என்பர். நரம்பும் இதயமும் இயங்க இது இன்றியமையாதது. நச்சு இப்புரதத்தில் பொருந்தி அமர்ந்துகொண்டால் பம்பு நின்றுவிடும்.

வெந்தய வரியனின் நெருங்கிய உறவினமான மொனார்க் வண்ணத்துப்பூச்சி வட அமெரிக்காவில் வாழ்கிறது. அதன் புழுக்கள் தின்பது எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்த மில்க்வீடு செடிகளை. அவற்றிலும் இதே வகை நச்சே உள்ளது. ஆனால் மொனார்க்கின் சோடியம் பம்பில் சில அமினோ அமிலங்கள் மாறியுள்ளன. பூட்டு மாறிவிட்டதால் நச்சு என்னும் சாவி அதில் சரியாகப் பொருந்துவதில்லை.

இதற்குச் சான்று உண்டா? உண்டு. 2019-இல் கலிபோர்னியா அறிவியலாளர்கள் பழ ஈயின் மரபணுவைத் திருத்தி, அதே புரதத்தின் 111, 119, 122 ஆகிய மூன்று இடங்களை மொனார்க்கில் உள்ளவாறு மாற்றினர். அந்த ஈக்கள் நச்சைத் தாங்கின! ஆனால் 122-ஆம் இடத்தை மட்டும் மாற்றியபோது, குலுக்கினால் ஈக்கள் செயலிழந்து விழுந்தன. 119-ஆம் இடத்து மாற்றம் அக்கேட்டைக் குறைத்தது. எதிர்ப்புத் திறனும் விலையின்றிக் கிடைப்பதில்லை.

மொனார்க் நச்சைத் தாங்குவதோடு நிற்கவில்லை. அதைத் தன் உடலில் சேமித்தும் வைக்கிறது. 1960-களில் லிங்கன் பிரவர் என்னும் அறிவியலாளர் இப்பூச்சிகளை நீல ஜே பறவைகளுக்குக் கொடுத்தார். நச்சுள்ள மில்க்வீடு தின்று வளர்ந்தவற்றை விழுங்கிய பறவைகள் வாந்தியெடுத்தன. முட்டைக்கோஸ் தின்று வளர்ந்தவையோ பறவைகளுக்குத் தீங்கு செய்யவில்லை. ஆகவே, செடியின் ஆயுதமே பூச்சியின் கவசம்!

அப்படியானால் செடி தோற்றுவிட்டதா? இல்லை. முட்டையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த மொனார்க் புழுக்கள் பல, பிசுபிசுப்பான பாலில் சிக்கி மடிகின்றன. வளர்ந்த புழு இலை நரம்பைக் கடித்து, பால் வடிந்த பின்பே தின்னத் தொடங்குகிறது. மற்றப் பூச்சிகளில் பெரும்பாலானவை செடியை அணுகுவதே இல்லை. போராட்டம் இன்னும் முடியவில்லை.

அடுத்த முறை எருக்கைக் கண்டால் இலையின் அடிப்புறத்தைப் பாருங்கள், வரிப்புழுவைக் காணக்கூடும். ஆனால் பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நம்முடைய பம்பு இன்னும் மாறவில்லை!