ஈரக் காற்றில் நிலைக்கும் பளிங்குப் படலம்

கொழும்பின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தொடர்மாடிகள் பெருகிவிட்டன. பல குடும்பங்களுக்குக் கூரை ஒன்றே. கூரையை அகலிக்க முடியாத இடத்தில், ஒவ்வொரு சதுர மீற்றரும் கூடுதல் மின்சாரம் தரவேண்டும். சிலிக்கன் சூரியக்கலத்தின் வினைத்திறனுக்குக் கோட்பாட்டு எல்லை 29.4 சதவீதம். அதன்மேல் பெரொவ்ஸ்கைட் என்னும் பளிங்குச் சேர்வையின் படலம் ஒன்றை வளர்த்து, 2024இல் சீனாவின் லொங்ஜி நிறுவனம் 34.6 சதவீதத்தை எட்டியது. ஆனால் அது மிகச்சிறிய ஆய்வுகூடக் கலம். நமது ஆய்வாளர்கள் இந்தச் சாதனைப் போட்டியில் இறங்கத் தேவையில்லை. ஈரக் காற்றைத் தாங்கும் படலத்தை வளர்ப்பதே நமக்குரிய பணி.

2009இல் ஜப்பானில் மியாசகா குழுவினர் செய்த முதல் பெரொவ்ஸ்கைட் சூரியக்கலத்தின் வினைத்திறன் 3.8 சதவீதமே. பின்வந்த பாய்ச்சலுக்குப் பெரும் காரணம், படலம் வளர்க்கும் முறை மேம்பட்டதே. ஈய அயடைட்டையும் ஓர் அமைன் உப்பையும் கரைத்து, சுழலும் கண்ணாடியில் பரப்புகிறார்கள். தக்க நொடியில் வேறொரு கரைப்பானைத் துளித்தால் பளிங்கு முளைகள் எங்கும் ஒரேயடியாகத் தோன்றும்; 100 பாகை செல்சியஸ் அளவில் சூடாக்க, அவை இடைவெளியின்றி வளரும். சிலிக்கனை உருக்க 1,414 பாகை வேண்டும். ஆனால் இவ்வளவு எளிதில் உருவாகும் பளிங்கு எளிதில் குலையவும் செய்யும். பளிங்கு மணிகளுக்கு இடையிலுள்ள எல்லைகள் வழியே நீராவி புகுந்து அதைச் சிதைக்கிறது. அதனால்தான் பல ஆய்வுகூடங்கள் உலர்ந்த நைதரசன் நிரம்பிய பெட்டிக்குள் இதை வளர்க்கின்றன. கொழும்பின் கடற்காற்றில் நிலைக்கும் படலம் வெப்பமண்டலக் கரையோரம் எங்கும் நிலைக்கும்.

மலிவான சிலிக்கன் தகடுகளை இறக்குமதி செய்தால் போதாதா என்று கேட்கலாம். இன்றைய தேவைக்குப் போதும். குறுகிய கூரையின் எல்லையை அது மாற்றாது. ஈயம் நஞ்சல்லவா என்பது இன்னும் கனமான கேள்வி. ஒரு சதுர மீற்றர் படலத்தில் இருப்பது ஒரு கிராமுக்கும் குறைவான ஈயம்தான் என்றாலும், அது நீரில் கரையக்கூடிய வடிவில் இருக்கிறது. எனவே இறுக்கமான உறையும், பழைய தகடுகளைத் திரும்பப் பெறும் சட்டமும் முதலில் வேண்டும். சிறிய நாட்டால் இது இயலுமா என்ற ஐயத்துக்கு நம் வரலாறே விடை. கண்டி ஹந்தானையிலுள்ள அடிப்படைக் கற்கைகள் நிறுவனத்தில் கீர்த்தி தென்னகோன் குழுவினர் 1995இல் செப்பு அயடைட்டைக் கொண்டு திண்மநிலைச் சாயச் சூரியக்கலம் ஒன்றைச் செய்தார்கள். ஏறத்தாழ இருபது ஆண்டுகளின் பின், அமெரிக்காவின் நோட்ர டேம் பல்கலைக்கழகத்தினர் அதே சேர்வையைப் பெரொவ்ஸ்கைட் கலத்தில் பயன்படுத்தினார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பௌதிகவியல் துறையிலும் சூரியக்கல ஆய்வு நடக்கிறது. அறிவு நம்மிடம் உண்டு. அதற்கு நீடித்த நிதியையும், கொழும்புக் கரையிலேயே ஒரு வெளிப்புறச் சோதனைத் தளத்தையும் அரசு ஒதுக்கவேண்டும்.