பெல்ட் போட்டா மட்டும் போதுமா? மரம் ஏறப் போறவன் முதல்ல கயிற்றில் உட்காரப் பழகணும்!

சென்னை,

2016-ம் ஆண்டு டிசம்பர் 12-ந் தேதி. "வர்தா" புயல் சென்னை அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் நகரில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. விழுந்த மரத்தை அறுத்துத் தள்ளியது ஒரு வேலை. விழாமல், பாதி முறிந்து அந்தரத்தில் தொங்கிய கிளைகளை இறக்கியது அதைவிடப் பெரிய வேலை. லுங்கியை மடித்துக் கட்டி, இடுப்பில் அரிவாளைச் செருகி, வெறுங்காலோடு ஏறியவர்கள்தான் அதிகம்.

அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. ஐப்பசி மழைக்கு முன்னால் ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் பாருங்கள். தகர ஷீட்டு மேல் சாய்ந்த வேப்பங்கிளையை வெட்ட ஒருவர் ஏறுவார். கீழே நாலு பேர் நின்று, "பாத்துப்பா, பாத்து" என்பார்கள். கூலி சில நூறு ரூபாய். கால் தவறினால் முதுகுத்தண்டு போய்விடும். தென்னிந்தியாவில் முதுகுத்தண்டு ஒடிந்து படுக்கையில் விழுந்தவர்களில் மரத்திலிருந்து விழுந்தவர்கள் ஏராளம்.

கயிறும் பெல்ட்டும் கட்டி மரம் ஏறும் தொழில்முறை ஒன்று உலகத்தில் நெடுநாளாக இருக்கிறது. அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் 1983-ம் ஆண்டு பீட்டர் ஜென்கின்ஸ் என்பவர், பொழுதுபோக்காக மரம் ஏற விரும்புகிறவர்களுக்கே ஒரு சங்கம் தொடங்கினார். காசு கொடுத்து மரம் ஏறுகிற ஊர் அது! நம் நாடும் சும்மா இல்லை. தெலுங்கானா அரசு 2024-ம் ஆண்டு ஜூலை மாதம், கள் இறக்கும் தொழிலாளர்களுக்கு "காட்டமய்யா ரக்ஷா கவசம்" என்ற பெயரில் கயிறும் பெல்ட்டும் அடங்கிய பாதுகாப்பு சாமான்களைக் கொடுக்கத் தொடங்கியது.

துறைமுக பெல்ட் உதவுமா?

வடசென்னைக்காரனுக்கு பெல்ட் புதிதல்ல. துறைமுகத்தில் கிரேன் மேல் ஏறுகிறவர், மணலியிலும் எண்ணூரிலும் ஆலைகளில் பைப் லைன் பார்க்கிறவர், சாரம் கட்டுகிறவர் எல்லாரும் போடுவதுதான். ஐ.எஸ். 3521 என்று முத்திரை குத்திய பெல்ட். அதையே மாட்டிக்கொண்டு மரம் ஏறினால் என்ன?

அங்கேதான் வில்லங்கம். அந்த பெல்ட்டில் கயிறு மாட்டும் கொக்கி முதுகுப் பக்கம் இருக்கும். விழுகிறவனைத் தடுத்து நிறுத்தத்தான் அது. அதில் தொங்கிக்கொண்டே வேலை செய்ய முடியாது. தொங்கினால் தொடைப் பட்டை இறுக்கி, ரத்த ஓட்டம் குறைந்து, சில நிமிடங்களில் மயக்கமே வரலாம். மரம் ஏறும் பெல்ட் வேறு ஜாதி. கொக்கி இடுப்புக்கு முன்னால் இருக்கும். தொடைக்கு அகலப் பட்டை. ஊஞ்சலில் உட்காருகிற மாதிரி உட்காரலாம்.

பனையேறியின் சாமான் இன்னொரு வகை. காலில் தளை. சில ஊர்களில் மரத்தையும் இடுப்பையும் சேர்த்து வளைத்த கயிறு. ஏறுவதற்கு அதற்கு ஈடு இல்லை. ஆனால் கை நழுவினால் காலில் கட்டிய தளை ஆளைத் தாங்காது. 1987-ம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. பனையேறிகளுக்குப் பதநீர் மட்டும்தான். பிள்ளைகள் அந்தத் தொழிலுக்கு வருவது அருகிவிட்டது. பொன்னேரிப் பக்கம் பனை நிற்கும். ஏற ஆள் இருக்காது.

முழங்கால் உயரம்தான் முதல் பாடம்

கயிறு கட்டி ஏறக் கற்றுக்கொள்கிறவன் முதல் நாள் மரத்தில் ஏறவே மாட்டான். முதலில் கிளை பார்க்க வேண்டும். பச்சைக் கிளையாக, அடித்தண்டை ஒட்டி, 6 அங்குலத்துக்குக் குறையாத பருமனில் இருக்க வேண்டும். பட்டை உரிந்திருந்தால், காளான் முளைத்திருந்தால், அடியில் பொந்து இருந்தால் அந்த மரமே வேண்டாம். முருங்கை பக்கம் போகவே கூடாது. மயில்கொன்றையும் நம்பகமில்லை. வர்தாவில் அது விழுந்த விழுக்காட்டை ஊரே பார்த்தது.

அடுத்தது மின்கம்பி. கிளைக்கோ கயிற்றுக்கோ 10 அடிக்குள் கம்பி போனால், மின்வாரியத்துக்குச் சொல்லி லைனை நிறுத்தும் வரை யாரும் தொடக் கூடாது. ஈரக் கிளையே கரண்டைக் கடத்தும்.

பிறகு எறிதல். கால் கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலான சின்ன குண்டுப் பை. அதில் மெல்லிய நூல் கயிறு. கிளைக்கு மேலே எறிய வேண்டும். மாங்காய் அடித்துப் பழகிய கைக்கு இது சுலபம். பை மறுபக்கம் இறங்கியதும், நூலில் பெரிய கயிற்றைக் கட்டி இழுத்துக்கொள்ளலாம். அரை அங்குலக் கயிறு. 30 அடி உயரக் கிளை என்றால் போக வர 60 அடி, கைக்கு மீதி சேர்த்து 70 அடியாவது வேண்டும்.

காசிமேட்டில் படகுக் கயிறு எவ்வளவோ கிடக்கிறதே என்று கேட்கலாம். உப்பும் வெயிலும் தின்ற கயிறு வெளியே பார்க்க நன்றாக இருக்கும். உள்ளே நார் செத்திருக்கும். அது படகுக்கு ஆகும். ஆளுக்கு ஆகாது.

கயிறு போட்டாயிற்று. இரண்டு பேர் சேர்ந்து இரண்டு பக்கக் கயிற்றையும் பிடித்துத் தொங்கிப் பார்க்க வேண்டும். "மளுக்" என்று சத்தம் வந்தால் வேறு கிளை. வராவிட்டால் முடிச்சு.

மீனவர் வீட்டுப் பையனுக்கு முடிச்சு சொல்லித்தர வேண்டியதில்லை என்பார்கள். இந்த முடிச்சு அவனுக்கும் புதுசு. தொங்கும் கயிற்றைச் சுற்றி நாலு சுற்று, நுனியைக் கீழ் இரண்டு சுற்றுக்குள் நுழைத்து இழுப்பது. "பிளேக் முடிச்சு" என்று பெயர். கையால் தள்ளினால் மேலே நகரும். ஆள் பாரம் விழுந்தால் கவ்விக்கொள்ளும். நுனியில் இன்னொரு முடிச்சு போடாவிட்டால் வால் உருவிக்கொண்டு வரலாம். கட்டியதை இன்னொரு ஆள் கையால் தொட்டுப் பார்க்காமல் கால் தரையை விட்டு எழும்பக் கூடாது.

அப்புறம்தான் உட்காருவது. முழங்கால் உயரத்தில்.

புதுப் பையன் எவனும் கேட்பான்: "இன்னாண்ணே, தரைக்கு மேல ஒரு அடியில உக்கார சொல்றே? எப்ப மேல போறது?"

"உக்காரு தம்பி. ரெண்டு கையையும் வுடு."

விடமாட்டான். பெல்ட் பிடித்திருக்கிறது, முடிச்சு கவ்வியிருக்கிறது, தரை ஒரு அடி கீழே. அப்படியும் கை கயிற்றை விடாது. விரல் வெளுத்துப்போகும். இந்த ஒரு அடியில் கை விடப் பழகாதவன் 20 அடி மேலே போனால் கிளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இறங்க மாட்டான், ஏறவும் மாட்டான். மூன்று நாள் ஆனாலும் சரி, இங்கே உட்கார்ந்து பழகிவிட்டுத்தான் மேலே.

ஏறுவது பலத்தால் அல்ல. கயிறு கிளையைச் சுற்றி இரட்டையாக வருவதால், 2 அடி இழுத்தால் ஆள் 1 அடி எழும்புவான். பாரம் பாதி. லோடு தூக்கும் கப்பி வேலை செய்தவருக்கு விளக்க வேண்டாம். இழு, முடிச்சைத் தள்ளு, உட்காரு. மறுபடி இழு.

கயிறு போட்ட கிளைக்கு மேலே மட்டும் ஏறக் கூடாது. மேலே நின்றால் கயிறு தொய்ந்துவிடும். அங்கிருந்து விழுந்தால் கயிறு பிடிக்கிற உதறலிலேயே இடுப்பு போய்விடும்.

ரம்பம் எடுக்க இன்னும் நாள் ஆகும். எடுக்கும் அன்று இரண்டாவது கயிறு ஒன்றை அடித்தண்டைச் சுற்றி இடுப்பில் மாட்டியே தீர வேண்டும். வெட்டுகிற வேகத்தில் ரம்பம் தன் கயிற்றையே அறுத்துவிடுவது உண்டு.

தென்னைக்கு மிஷின்

கிளையே இல்லாத தென்னைக்கு இந்த வித்தை சரிப்படாது. அதற்கு மிதித்து ஏறும் மிஷின் இருக்கிறது. தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ம் ஆண்டு முதல் "தென்னை மரங்களின் நண்பர்கள்" என்ற திட்டத்தில் மிஷினில் ஏறப் பயிற்சி கொடுத்தது. கேரளத்தில் பெண்களும் கற்றுக்கொண்டு ஏறினார்கள். நகரத்து வேம்புக்கும் தூங்குமூஞ்சி மரத்துக்கும் கயிறுதான் வழி.

கடைசியாக இறங்குவது. முடிச்சின் தலையை மெல்ல அழுத்தினால் ஆள் இறங்குவான். ஆசையாக இருக்கிறதே என்று சர்ரென்று வந்தால் முடிச்சு சூடேறி நைலான் உருகும். தரைக்கு வந்ததும் எல்லா முடிச்சையும் அவிழ்த்த பிறகே கயிற்றை உருவ வேண்டும். ஒரு முடிச்சை மறந்து இழுத்தால் அது கிளைக் கவட்டில் போய்ச் சிக்கிக்கொள்ளும். அதை எடுக்க இன்னொரு கயிறு எறிந்து, மறுபடி முழங்கால் உயரத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.