குறையும் நயமும்

வாதில் தோற்ற புலவரின் காதைத் துறட்டினால் அறுத்துவந்த வில்லிபுத்தூராரை அருணகிரிநாதர் வென்று, அவ்வழக்கத்தைக் கைவிடச் செய்தார் என்பது கர்ணபரம்பரைக் கதை. அதனை வகுப்பிலே நகைத்துரைத்து வந்த யானும் அத்துறட்டை ஏந்தியவனே.

முன்னொருநாள் நண்பரொருவர் தாம் பாடிய வெண்பாக்களைக் காட்டினார். காய்முன் நிரை வந்து தளைதட்டிய இடந்தோறும் சிவப்பு மையாற் கோடிட்டேன். தாயாரின் கைவிளக்கைப் பாடிய ஓரடி என் நெஞ்சைத் தொட்டது. அதனைச் சொல்லாது விட்டேன். அவர் பின்னர்ப் பாடவேயில்லை.

தளையைச் சீர்செய்ய ஒரு சொல்லை மாற்றினாற் போதும். தளர்ந்த உள்ளத்தைச் சீர்செய்தல் எளிதன்று. இன்று எவர் செய்யுள் கொணரினும், உயிருள்ள அடியை முதலிற் சுட்டிப் பின்னரே பிழையையும் அதனைத் திருத்தும் வழியையும் கூறுகின்றேன். பொய்ப்புகழ்ச்சி அன்று இது. அன்பர்களே, குறையை மறைத்தல் வேண்டா. நயத்தை மறைத்தலும் வேண்டா.