அலாரத்தை நகர்த்திப் பயனில்லை

ஜனவரியில் டெல்லியின் துவாரகாவில் சூரியன் எழ ஏழேகால் மணியாகிறது. நீல வழித்தட மெட்ரோவைப் பிடித்து நொய்டாவரை வேலைக்குப் போகிறவர்களின் அலாரமோ ஐந்தரைக்கே அடித்துவிடும். எழுந்ததும் தலை பாரம், கண் எரிச்சல். இதற்கு மருந்தாகப் பலர் நம்புவது 90 நிமிடக் கணக்கை: தூக்கம் ஒன்றரை மணி நேரச் சுற்றுகளாக ஓடுகிறதாம், சுற்று முடியும் நேரம் பார்த்து அலாரம் வைத்தால் போதுமாம். அலாரத்தை நகர்த்துவதைவிடப் படுக்கும் நேரத்தை முன்னே கொண்டுவருவதுதான் பலன் தரும் என்பது என் கட்சி.

சுற்றுகள் இருப்பது உண்மை. கண் செருகும் சில நிமிடங்கள், பிறகு மேலோட்டமான தூக்கம், மூளை அலைகள் பெரிதாகி மெதுவாக உருளும் ஆழ்ந்த தூக்கம், அதன்பின் கனவுத் தூக்கம். சிகாகோ பல்கலைக்கழகத்தின் யூஜீன் அசரின்ஸ்கியும் நத்தேனியல் கிளைட்மனும் 1953இல் விவரித்த அந்தக் கடைசிக் கட்டத்தில், மூடிய இமைக்கடியில் கண்மணி இங்குமங்கும் ஓடும்; கைகால் தசைகள் துவண்டு கிடக்கும். ஆனால் சுற்றின் நீளம் ஆளுக்கு ஆள் மாறும். ஒரே இரவிலும் 70 நிமிடத்துக்கும் 120 நிமிடத்துக்கும் இடையே ஊசலாடும். அதைவிட முக்கியம், எல்லாச் சுற்றும் ஒரே மாதிரி இல்லை. ஆழ்ந்த தூக்கம் பெரும்பாலும் முன்னிரவிலேயே தீர்ந்துவிடும். கனவுத் தூக்கம் விடியலை நெருங்க நெருங்க நீளும். நள்ளிரவு தாண்டிப் படுத்து ஐந்தரைக்கு எழுகிறவர் அதிகம் பறிகொடுப்பது கனவுத் தூக்கத்தைத்தான்.

ஆழ்ந்த தூக்கத்தில் எழுப்பினால்தானே கலக்கம், அதைத் தவிர்க்கத் தூக்கக் கட்டத்தைக் கணிக்கும் கைக்கடிகாரம் உதவாதா என்று கேட்கலாம். கடிகாரம் மணிக்கட்டின் அசைவையும் நாடித்துடிப்பையும் வைத்து ஊகிக்கிறது. தலை, கண்ணோரம், மோவாய் எங்கும் கம்பி ஒட்டிப் பார்த்தால்தான் கட்டம் தெளிவாகும். ஊகம் சரியாகவே இருந்தாலும், போதிய அளவு தூங்கியவருக்கு அதிகாலையில் ஆழ்ந்த தூக்கம் அநேகமாக மிச்சமிருக்காது. அப்போதும் தலை கனத்தால், பழைய தூக்கக் கடன் காரணமாகலாம். அல்லது உடலின் உள்கடிகாரம் இன்னும் இரவில் நிற்கிறது. துவாரகாவில் இரண்டாவதற்கு வலு கூடுதல். இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையைக் கொண்டு குறிக்கப்படுகிறது; டெல்லி இருப்பது மேற்கே, 77 பாகையருகே. கடிகாரம் ஐந்தரை காட்டும்போது சூரியக் கணக்கில் அங்கே ஐந்தேகால்கூட ஆகியிருக்காது.

ஒன்பது மணிக்கு வீடு சேர்கிறவர் பத்துக்கு எப்படிப் படுப்பது? நியாயமான கேள்விதான். அரை மணி முன்னதாகப் படுத்தாலும் அது லாபமே. சாப்பிட்டு முடித்ததும் கூடத்து விளக்கைக் குறைப்பது, எழுந்தவுடன் பளிச்சென்ற வெளிச்சத்தில் நிற்பது, ஞாயிறன்றும் எழும் நேரத்தை ஒரு மணிக்கு மேல் தள்ளாமலிருப்பது ஆகியவை உள்கடிகாரத்தை மெல்ல முன்னே நகர்த்தும். பக்கத்து விமான நிலையத்தில் இரவுப்பணி பார்ப்பவர்களுக்கு இந்த யோசனை தலைகீழ்: காலையில் வீடு திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி, படுக்கையறைக்குத் தடித்த திரை.