கன்னத்தில் ஒரு வெள்ளைத் திட்டு

எங்கள் பாட்டா வெற்றிலையை இடது கன்னத்தில்தான் அடக்கிவைப்பார், உறங்கும்போதும் துப்பமாட்டார். மீன் புளிமுளம் எரிகிறது என்று அவர் சொல்லத் தொடங்கியதும் அம்மை மிளகாயைக் குறைத்தாள். எரிந்ததற்குக் காரணம் கறியல்ல, கன்னத்துத் தோல்.

நம் குமரி மாவட்டம் திருவிதாங்கூரில் இருந்த காலத்திலேயே நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர்கள் வெற்றிலைக்கும் வாய்ப்புற்றுக்கும் உள்ள தொடர்பைக் கவனித்தார்கள். திருவிதாங்கூரின் 1,700 புற்றுநோயாளிகளைப் பற்றி டாக்டர் பென்டால் 1908-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். வெற்றிலை போடுவோரின் வாய்ப்புற்று பற்றி டாக்டர் ஓர் 1933-இல் லான்செட்டில் எழுதினார். வெற்றிலையை அடக்கும் பக்கத்தில்தான் பெரும்பாலும் புற்று வரும்.

"நான் போயிலை போடமாட்டேன், பாக்கு மட்டும்தான்" என்று ஆறுதல்பட்டுக்கொள்ள வேண்டாம். பாக்கே புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் அறிவித்துவிட்டது. பான்மசாலா பாக்கெட்டிலும் பாக்குதான் இருக்கிறது. பாக்கினால் கன்னம் உள்ளே இறுகி, வாய் திறப்பது குறையும். மூன்று விரலை அடுக்கி நிமிர்த்தி வாய்க்குள் வைத்துப் பாருங்கள்; நுழையாவிட்டால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

புற்றின் தொடக்கத்தில் பெரும்பாலும் வலி இருக்காது, அதுதான் ஆபத்து. கண்ணாடி முன் டார்ச் அடித்து, கன்னத்தை இழுத்து, நாக்கைத் தூக்கிப் பாருங்கள். துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, அதைவிட மோசமான சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்தில் ஆறாத புண், கழுத்தில் கட்டி, இவற்றில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். முதலில் காட்ட பல் டாக்டரே போதும். சந்தேகமிருந்தால் சிறு துண்டு சதை எடுத்துப் பரிசோதிக்கச் சொல்வார்.