வீட்டுக் காற்றுச்சீரமைப்பி பராமரிப்பு

வீட்டுக் காற்றுச்சீரமைப்பி பராமரிப்பு என்பது, பேச்சு வழக்கில் ஏசி எனப்படும் காற்றுச்சீரமைப்பியின் குளிர்விக்கும் திறன் குறையாமல் காப்பதையும், அதில் ஏற்படும் பழுதுகளைக் கண்டறிந்து நீக்குவதையும் குறிக்கும். தமிழ்நாட்டின் வட உள்மாவட்டங்களில் மே மாதப் பகல் வெப்பநிலை அடிக்கடி 40 பாகை செல்சியசைத் தாண்டுகிறது. எனவே திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆரணியை அடுத்துள்ள முள்ளிப்பட்டு போன்ற பட்டு நெசவு ஊர்களில், கத்திரி வெயில் காலத்திலேயே இக்கருவி மிகக் கடுமையாக உழைக்கிறது. பழுதடைவதும் பெரும்பாலும் அப்போதுதான். முதியோரோ கைக்குழந்தையோ உள்ள வீட்டில் இதனை வெறும் வசதிக் குறைவாகக் கொள்ள இயலாது.

இயங்கும் விதம்

ஏசி குளிரை உண்டாக்குவதில்லை. அறையின் வெப்பத்தை எடுத்து வெளியே விடுகிறது. உட்பகுதிச் சுருளில் குளிர்பதனப் பொருள் ஆவியாகும்போது அறை வெப்பத்தை உறிஞ்சுகிறது. கம்ப்ரசர் அவ்வாவியை அழுத்திச் சூடேற்ற, வெளிப்பகுதிச் சுருளில் அது வெப்பத்தை இழந்து மீண்டும் நீர்மமாகிறது. ஏசியின் திறன் வழக்கமாக 35 பாகை வெளி வெப்பநிலையில் அளவிட்டுக் குறிக்கப்படுகிறது. 42 பாகை வெயிலில் அத்திறன் குறையும், மின்செலவு கூடும். ஆகவே நண்பகலில் மட்டும் மெதுவாகக் குளிர்வது பழுதின் அடையாளம் ஆகாது. இரவிலும் குளிராவிட்டால்தான் ஆராய வேண்டும்.

ஏசி காற்றின் ஈரத்தையும் நீக்குகிறது. 1902 ஆம் ஆண்டில் வில்லிஸ் கேரியர் அமைத்த முதல் நவீன அமைப்பே, புரூக்ளின் அச்சகம் ஒன்றில் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்துவதற்காகத்தான். பட்டு நூலும் ஈரத்தை ஏற்கும் இயல்புடையது. தறியுள்ள அறையில் ஏசி பொருத்துவதாயின், உலர்ந்த காற்று பாவின் மீது நேராக வீசாதவாறு வைப்பது நலம்.

தூய்மை

குளிர்ச்சிக் குறைவுக்கு மிகப் பொதுவான காரணம் தூசியே. உட்பகுதியின் வடிகட்டியை இரு வாரங்களுக்கு ஒருமுறை கழற்றி நீரில் கழுவி, நிழலில் உலர்த்திப் பொருத்த வேண்டும். வீடும் தறியும் ஒன்றாயுள்ள இடங்களில் இழைத்துகளும் சேர்வதால் வாரம் ஒருமுறை பார்ப்பது நன்று. இதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை.

வெளிப்பகுதியைப் பலரும் மறந்துவிடுகின்றனர். அதன் சுருள் தூசியால் மூடப்பட்டால் வெப்பம் வெளியேற வழியின்றி அழுத்தம் உயர்ந்து கம்ப்ரசர் இடையிடையே நின்றுவிடும். மின்சாரத்தை நிறுத்தியபின், தகடுகள் வளையாதவாறு குறைந்த அழுத்த நீரால் கழுவலாம். அதற்கு நிழல் நல்லது; ஆனால் காற்றோட்டத்தை மறைக்கும் அட்டையோ தார்ப்பாயோ கூடாது. உள்ளே நீர் சொட்டினால் பெரும்பாலும் வடிகுழாய் அடைபட்டிருக்கும். குளவிகள் அதன் வாயில் மண்கூடு கட்டுவதுண்டு.

‘கேஸ்’ குறைவு

குளிர்பதனப் பொருள் மூடிய சுற்றில் ஓடுவது. அது எரிபொருளைப் போல் செலவாவதில்லை. குறைந்திருந்தால் கசிந்திருக்கிறது என்றே பொருள். ஆயினும் ஆண்டுதோறும் ‘கேஸ் அடிப்பது’ பராமரிப்பின் ஒரு பகுதி என்ற தவறான எண்ணம் பரவலாக உள்ளது. கசிவை அடைக்காமல் நிரப்பினால், அடுத்த கோடைக்குள் அதே செலவு மீண்டும் வரும்.

உட்சுருளில் பனி படிவது கசிவின் அறிகுறியாகலாம். அழுக்கடைந்த வடிகட்டியாலும் அதே பனி படியும் என்பதால், முதலில் வடிகட்டியைக் கழுவிப் பார்க்க வேண்டும். கசிவு பெரும்பாலும் செப்புக்குழாய்கள் இணையும் மரைகளில் இருக்கும். சோப்பு நுரை பூசினால் குமிழி காட்டிக் கொடுக்கும். முழுச் சுற்றையும் சோதிக்க நைட்ரசனை அழுத்தி நிரப்புவர். ஆக்சிசனை ஒருபோதும் பயன்படுத்தலாகாது. கம்ப்ரசர் எண்ணெயுடன் சேர்ந்து வெடிக்கக்கூடும்.

அடைத்தபின் வெற்றிட விசைக்குழாயால் காற்றையும் ஈரத்தையும் வெளியேற்ற வேண்டும். நேரம் மிச்சப்படுத்தச் சிலர் இப்படியைத் தவிர்ப்பர். உள்ளே தங்கும் ஈரம் எண்ணெயுடன் சேர்ந்து அமிலமாகிக் கம்ப்ரசரைக் கெடுக்கும். பின்னர், கருவியின் பெயர்த்தகட்டில் கிராமில் குறித்துள்ள அளவை எடைபோட்டு நிரப்ப வேண்டும். வேலையாள் தராசு கொண்டு வந்தாரா என்று பார்ப்பது பயனுள்ள சோதனை.

ஒரு வகைக்குப் பதில் மற்றொன்றை நிரப்புதல் கூடாது. பழைய கருவிகளில் உள்ள ஆர்-22 ஓசோன் படலத்தைக் கெடுப்பது. இந்தியாவில் 2025 முதல் அதனைக் கொண்டு புதிய கருவிகள் செய்யத் தடை உள்ளது. இப்போது பரவலாக உள்ள ஆர்-32 எளிதில் அன்றாயினும் தீப்பற்றக் கூடியது. ஆர்-290 என்பது புரொப்பேன், எளிதில் தீப்பற்றும். ஆர்-22 கருவியில் இவற்றை நிரப்புவது விபத்துக்கு வழிவகுக்கும்.

மின்பழுதுகள்

விசிறி சுழன்றும் குளிராமல், வெளிப்பகுதி முனகி நின்றுவிட்டால் மின்தேக்கி செயலிழந்திருக்கலாம். இது விலை குறைந்த உறுப்பு. இதனை அறியாமல் கம்ப்ரசரையே மாற்றச் சொல்லும் வழக்கமும் உண்டு. இன்வெர்ட்டர் அல்லாத ஏசிகளிலேயே இப்பழுது மிகுதி. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் மின்தேக்கியில் மின்னேற்றம் தங்கும். ஆகையால் அதனைத் தொடும் வேலை பயிற்சி பெற்றவருக்கே உரியது.

கோடை மாலைகளில் குறைமின்னழுத்தம் மற்றொரு இடர். 230 வோல்ட்டுக்கு வெகுவாகக் கீழிறங்கும் இடங்களில், நிலைப்படுத்தி இல்லாமல் பழைய வகை ஏசியை இயக்கினால் கம்ப்ரசர் சூடேறும். மின்தடைக்குப் பின் உடனே இயக்காமல் மூன்று நிமிடமாவது பொறுக்க வேண்டும். மின்சுற்றுப் பலகையில் பல்லி புகுந்து குறுக்குச்சுற்று ஏற்படுவது நம் பகுதிகளில் காணப்படும் பழுது. குழாய் நுழையும் சுவர்த்துளையை அடைத்துவிடுதல் எளிய தடுப்பு.

வெப்பநிலை அமைப்பு

2020 சனவரி முதல் இந்தியாவில் விற்கப்படும் நட்சத்திரக் குறியீடு பெற்ற ஏசிகள், இயக்கும்போது 24 பாகையில் தொடங்குமாறு அமைக்கப்படுகின்றன. ஒவ்வொரு பாகை உயர்த்துவதாலும் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்பது எரிசக்தித் திறன் பணியகத்தின் கணிப்பு. 18 பாகையில் வைத்தால் அறை விரைந்து குளிரும் என்பது சாதாரண ஏசிகளுக்குப் பொருந்தாது. அவற்றின் கம்ப்ரசர் எந்த அமைப்பிலும் ஒரே வேகத்தில்தான் ஓடுகிறது. நிற்பது மட்டுமே தாமதமாகிறது.