கேட்காவ் தந்த எழுப்புதல்

பெந்தெகொஸ்தே சபைகளின் வரலாற்றை 1906-இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் எழுந்த எழுப்புதலிலிருந்து தொடங்குவது வழக்கம். நாமோ அதற்கும் முன்னர், நம் இருப்புப்பாதை ஓரத்திலேயே நிகழ்ந்த ஒன்றை நினைவூட்ட விரும்புகிறோம்.

புனேக்கும் தௌண்டுக்கும் இடையே உள்ள சிறு நிலையம் கேட்காவ். அங்கே பண்டிதை ரமாபாய் அம்மையார் முக்தி இல்லத்தை அமைத்து, விதவைகளுக்கும் பஞ்சத்தில் ஆதரவிழந்த சிறுமியருக்கும் அன்னமும் கல்வியும் கைத்தொழிலும் அளித்தார். 1905 ஜூனில் அப்பெண்களிடையே பெரும் ஜெப எழுப்புதல் உண்டாயிற்று. அவர்கள் குழுக்களாய் அண்டைக் கிராமங்களுக்கும் சென்றனர். அங்கு ஊழியம் புரிந்த மின்னி ஆப்ராம்ஸ் அம்மையார் 1906-இல் எழுதிய நூல் கடல் கடந்து சிலி நாட்டை எட்டி, 1909-இல் அங்கெழுந்த பெந்தெகொஸ்தே எழுப்புதலுக்குத் தூண்டுகோலாயிற்று.

சென்னைக்கும் மும்பைக்கும் இவ்வழியே பயணம் செய்யும் அன்பர்களே! அந்நிலையத்தைக் கடக்கையில், ஊரார் ஒதுக்கிய பெண்களின் ஜெபம் உலகெங்கும் ஒலித்த வரலாற்றை நம் பிள்ளைகளுக்கு எடுத்துரைப்போமாக.